ஏன் எண்டு கேட்டால்தான் தெரியும்

அம்மம்மாவுக்கு 74 வயது. பிறசரும் சீனி வருத்தமும் இருக்கு. மாதம் ஒருக்கா கிளினிக். போற நேரமெல்லாம் பிறசர் கூடத்தான் காட்டும். "குளிசை ஒழுங்காய்ப் போடுறேல்லையோ?" எண்டு ஒரு ஏச்சு, "உப்பைக் குறையுங்கோ" எண்டு ஒரு அறிவுரை, கொப்பியில் கூட்டி எழுதின மருந்து. பல மாதம் இப்படியே போனது.

கடைசியில், பயிற்சிக்கு வந்த ஒரு தாதிய மாணவிதான் வாங்கில் பக்கத்தில் இருந்து கேட்டாள்: "அம்மா, இண்டைக்குக் காலமை எந்தக் குளிசை போட்டனீங்கள்?"

அப்பதான் விசயம் வெளியில் வந்தது. மூத்திரம் போகப்பண்ணுற குளிசையை அம்மம்மா கிளினிக் நாளிலும் கோயில் நாளிலும் விட்டுவிடுவா. பஸ்ஸில் போய் மணித்தியாலக்கணக்கில் வரிசையில் இருக்கிற மனுசி, கழிப்பறைக்கு எங்கை ஓடுறது? மாணவி வைத்தியரிட்டச் சொன்னாள். வெளியில் போற நாளில் வீட்டுக்கு வந்து போடலாம் எண்டு அவர் நேரத்தை மாத்திக் கொடுத்தார். இவ்வளவுதான்.

அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கு. டொரத்தியா ஒரெம் என்ற அமெரிக்கத் தாதி 1971இல் எழுதிய நூலில் சுயபராமரிப்புக் கோட்பாட்டை முன்வைத்தார். ஒருவர் தன்னைப் பராமரிக்க என்னென்ன செய்யவேண்டும், அதில் எவ்வளவை அவரால் செய்ய முடிகிறது? இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவதுதான் தாதியின் வேலை. ஒண்டுமே ஏலாதவருக்கு முழுவதையும் செய்துகொடுக்கவேண்டும். பாதி ஏலுமானவருக்கு மிச்சப் பாதியை. தானே செய்யக்கூடியவருக்குத் தேவைப்படுவது ஆதரவும் கற்பித்தலும்.

எங்கட கிளினிக்குகளில் நடக்கிற சுகாதாரக் கல்வி இடைவெளியை அளக்காமலே நிரப்பப் பாக்குது. எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஒரே துண்டுப்பிரசுரம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினவர். அந்த வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் தமிழில் சொன்னால் மட்டும் காணாது. "சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடை நடக்கக்கூடாது" எண்டு தமிழில்தான் எழுதியிருக்கு. நல்லூரானிட்டச் செருப்போடை போக ஏலுமோ? "இது எனக்கில்லை" எண்டு அம்மம்மா அந்தத் தாளை மடிச்சு வைச்சிட்டா. நரம்பு மரத்த காலுக்கு மணல் சுடுறது தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி, காலை எடுக்கிற நிலைக்கும் போகலாம். "எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போறனீங்கள்?" எண்டு கேட்டால், "வெயில் ஏற முந்திப் போங்கோ, வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கோ, குனிய ஏலாட்டி கண்ணாடி பிடியுங்கோ" எண்டு சொல்லலாம். அது அவவால் செய்யக்கூடியது.

ஒரெம் சொல்லுற "சுய" என்ற சொல் எங்களுக்குப் பொருந்துமோ எண்டு கேட்கலாம். இங்கை ஆரும் தனியாகச் சமைச்சுச் சாப்பிடுறதில்லை எண்டு சொன்ன காலம் ஒண்டு இருந்தது. இப்ப பிள்ளைகள் கனடாவில், லண்டனில்; காசு வருது, வீட்டில் ஆளில்லை. ஒரெமும் மற்றவரில் தங்கியிருப்போரைப் பராமரிப்பவர் பற்றிப் பேசியிருக்கிறார். எங்கட ஊரில் அந்த ஆள் சிலவேளை பக்கத்து வீட்டு அன்ரிதான். அப்ப கற்பித்தல் அவவுக்கும் போய்ச் சேரவேண்டும்.

"நேர்ஸ்மாருக்கு நேரமில்லை" எண்டு சொல்லுவினம். உண்மைதான், அவையில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் நோயாளிகளிட்ட நேரம் கிடக்கு. விடிய வந்து மத்தியானம் வரை வாங்கில் இருக்கினம். தாதிய மாணவர்களை அந்த வாங்குகளுக்கு அனுப்பினால், கேட்டதை ரெண்டு வரியில் கிளினிக் கொப்பியில் எழுதிவைச்சால், உள்ளே இருக்கிற வைத்தியரின் நேரமும் மிச்சம்.

அதுவரைக்கும் எங்கட வீட்டுக் கொப்பியை நாங்கள் எடுத்துப் பாக்கலாம். "குளிசை போட்டனீங்களோ?" எண்டு விசாரணை வைக்காமல், "எந்தக் குளிசை கரைச்சலாய் இருக்கு?" எண்டு கேட்டுப் பாருங்கோ. அம்மம்மாமார் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுவினம்.