செட்டும் கட்டிடமும்

2010 மார்ச் 13 அன்று சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்றக் கட்டிடம் திறக்கப்பட்டபோது அதன் உச்சியில் தெரிந்த கும்மட்டம் கட்டிடத்தைச் சேர்ந்ததல்ல, செட். நிஜக் கும்மட்டம் முடிந்திருக்கவில்லை, தேதியோ குறித்தாயிற்று. தோட்டா தரணியை அழைத்தார்கள். 'நாயகன்' படத்துக்காகத் தாராவியைச் சென்னையில் எழுப்பிக் காட்டியவர் அவர். தம் தொழிலைச் செய்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரதமர் வந்து திறந்துவைத்தார். இதில் எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நஷ்டம் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. யாருக்கும் கூச்சம் ஏற்படவில்லை என்பதுதான் என் விஷயம். நமக்குக் கட்டிடம் என்பது பார்க்கிற சமாசாரம். பார்வைக்குக் கும்மட்டம் தெரிந்தால் கும்மட்டம் இருக்கிறது.

கட்டிடக் கலைக் கண்காட்சிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இங்கே தொடங்கக் காரணம் உண்டு. சென்னை நண்பர்கள் சிலர் ஊருக்கு வரும்போதெல்லாம் பூரிப்புடன் சொல்கிறார்கள்: ஒரு காலரியில் பழைய பங்களாக்களின் புகைப்படம், ஒரு கல்லூரியில் மாதிரிகளும் சொற்பொழிவும், 2004இலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் மெட்ராஸ் தினத்தை ஒட்டித் தெருத்தெருவாக நடை. ரசனை வளர்கிறதாம். வளர்வது ரசனையல்ல, பார்க்கிற பழக்கம். இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்களுக்கு டெல்லியில் நடந்ததை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

பிரகதி மைதானத்தில் 'ஆசியா 72' கண்காட்சிக்காக எழுந்தது ஹால் ஆஃப் நேஷன்ஸ். கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவால்; பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. முக்கோணங்கள் பின்னிப் பின்னி ஏறிய முப்பரிமாணச் சட்டகம் அது. மேல்நாட்டில் இதை உருக்கில் செய்வார்கள்; நமக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதனால் கான்கிரீட்டில், நின்ற இடத்திலேயே பலகை கட்டி, இணைப்புக்கு இணைப்பு ஆட்கள் கையால் வார்த்து எழுப்பினார்கள். இல்லாமையை மறைக்காமல், இல்லாமையிலிருந்தே ஒரு உருவத்தைக் கண்டுபிடித்த கட்டிடம். நவீனத்துவம் என்று இந்தப் பக்கங்களில் நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அது அங்கே ஸ்தூலமாக நின்றது.

2016 ஜனவரியிலிருந்து மார்ச் வரை மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இந்தியக் கட்டிடக் கலை பற்றி ஒரு பெரிய கண்காட்சி. ராகுல் மெஹ்ரோத்ரா, ரஞ்சித் ஹோஸ்கோட்டே, கைவான் மேத்தா மூவரும் அமைத்தது. சுதந்திரத்துக்குப் பின் நாம் கட்டியது என்ன என்று அது கேட்டது, நல்ல கேள்வி. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஹால் ஆஃப் நேஷன்ஸ் ஒரே இரவில் இடித்துத் தள்ளப்பட்டது. அறுபது வயது நிரம்பாததைப் பாரம்பரியக் கட்டிடமாகக் கொள்ள முடியாது என்று சொல்லப்பட்டது. அதற்கு நாற்பத்தைந்துதான். 2022இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டிடக் கலைக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது, இடிபட்ட அதே கட்டிடம் அங்கே கௌரவமாக இடம்பெற்றது. கண்காட்சி நடத்த வசதியான கட்டிடத்தை இடித்துவிட்டு அதைக் கண்காட்சிப் பொருளாக்கிய விந்தை. நியூயார்க்காரர்களை நான் நோகவில்லை. அங்கே மாட்டப்பட்டதைப் பார்த்து இங்கே பெருமைப்பட்டவர்களைத்தான் புரியவில்லை.

தட்சிணசித்ராவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். சொல்லட்டும். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த இடம். இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து, தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்து மறுபடி கோத்தார்கள். லாரி பேக்கரின் கை அதன் அமைப்பில் இருக்கிறது. அந்தச் செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூண் இன்று அங்கே நிற்காவிட்டால் யாருடைய சாப்பாட்டு மேஜைக் காலாகவோ போயிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு என்பது மரமும் ஓடும் மட்டுமா? முற்றத்தில் மழை விழுந்தால் ஓடிப்போய்க் குண்டான் வைக்க ஆளில்லாத வீடு அது. அக்ரகாரத்து வீடும் நெசவாளி வீடும் சில நிமிஷ நடையில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஊரில் இருந்த தூரம் — யார் எந்தத் திண்ணை வரைக்கும் வரலாம் என்ற தூரம் — டிக்கெட் வாங்கியவர் காலுக்குத் தட்டுப்படுவதில்லை. அதைத் தட்டுப்படச் செய்யாமல் அந்த வீடுகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

நம்மையும் விடுவதற்கில்லை. 1966இல் சோழமண்டலம் உருவானதை ஒட்டி சிறுபத்திரிகைகள் ஓவியத்தோடு உறவு வைத்துக்கொண்டன. கசடதபற பக்கங்களில் ஆதிமூலத்தின் கோடுகள் வந்தன. 1968இல் இங்கே பக்கத்தில் சேலத்திலிருந்து சி. மணியின் 'நடை' வந்தது. ஒரு ஓவியத்தின் முன் எப்படி நிற்பது என்று தமிழில் யோசிக்கக் கற்றுக்கொண்டோம். தினமும் உள்ளே போய் வெளியே வரும் கட்டிடத்தைப் பற்றி யோசிக்க மட்டும் நமக்கு வாக்கியமே அமையவில்லை. மாமல்லபுரம் என்றால் பரவசம், அடுக்குமாடி என்றால் அலுப்பு. இந்த இரண்டும் விமர்சனமல்ல.

திருச்செங்கோட்டுக்காரன் என்பதால் இதையும் சொல்கிறேன். இங்கே மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் கோயில் மண்டபத்துச் சிற்பத்தைப் பார்க்க வருகிறவர்கள், கீழே பட்டறையில் நிற்கும் ரிக் வண்டியை இடைஞ்சலாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு லாரிமேல் போர் போடும் இயந்திரம். கூடவே குழாயும் டீசலும் சாமானும் ஏற்றிய இன்னொரு லாரி. வட இந்தியா வரைக்கும் போகும். ஆட்கள் மாதக்கணக்கில் அதோடுதான் குடித்தனம். அடுப்பு எங்கே, அரிசி மூட்டை எங்கே, யார் எங்கே தலைவைத்துப் படுப்பது — எல்லாம் வெல்டரும் வண்டிக்காரரும் நின்று பேசித் தீர்மானிப்பது. வங்கியில் இந்த வண்டிகளுக்கான கடன் காகிதங்கள் என் மேஜைக்கு வருகின்றன. இயந்திரத்துக்கு இவ்வளவு, சேஸிஸுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் இருக்கும், ஆள் படுக்கிற இடத்துக்கென்று தனி வரி கிடையாது. இயந்திரம் போக மிஞ்சியதுதான் அவனுக்கு. இது வடிவமைப்புப் பிரச்னை இல்லையென்றால் வேறு எது? ரிக் வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் கழுவிப் பெயின்ட் அடித்து, 'மக்கள் கலை' என்று பக்கத்தில் அட்டை வைத்துவிடுவார்கள். அப்புறம் அதுவும் செட்.

ஓமந்தூரார் கட்டிடத்துக்குப் பிறகு நேர்ந்தது தெரிந்ததே. 2011இல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, 2014இல் அது அரசு மருத்துவமனையாயிற்று. சட்டமன்றத்துக்கென்று ஜெர்மன் நிறுவனம் ஒன்று வட்டவட்டமாக வரைந்த தாழ்வாரங்களில் நோயாளிகள் சீட்டோடு நிற்கிறார்கள். அங்கே காற்று வருகிறதா, வழி தெரிகிறதா, கூட வந்த அம்மா உட்கார இடம் உண்டா? பத்திரிகைகள் பழிவாங்கல் என்றும் சிக்கனம் என்றும் அடித்துக்கொண்டன. இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கேட்டவர் என் கண்ணில் படவில்லை. அடுத்த கண்காட்சித் திறப்புக்குப் போக இருக்கும் நண்பர்களில் ஒருவர், அதற்குப் பதிலாக, அந்த மருத்துவமனையின் வெளிநோயாளிப் பகுதியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுதட்டும். படம் வேண்டாம்.