கூட்டிசையும் முதுமை நட்பும்

முதியோர் இல்லங்களுக்கு நாம் எப்பொழுது செல்கின்றோம்? பெற்றோரின் திவசத்திலும் பிள்ளையின் பிறந்தநாளிலும் ஒருநாள் உணவுக்குப் பொருளளித்துச் செல்கின்றோம். வரிசையாக இருத்திப் பரிமாறி, சிறுவரைக் கொண்டு ஆடலும் பாடலும் நிகழ்த்தி மீளுகின்றோம். இஃது அறமே, குறைகூறுவார் இலர். ஆயினும், அக்கொண்டாட்டத்தில் முதியோருக்கு நாம் வகுத்த இடம் யாது? உண்போர், காண்போர், கைதட்டுவோர் என்பதன்றி வேறில்லை. கொண்டாட்டம் நம்முடையது, அவர்கள் அதற்கு விருந்தினர்.

வள்ளுவர் நட்பினைக் கூறியபின், நெடுநாட் பழகியதனால் வரும் உரிமையைப் பழைமை என்னும் தனி அதிகாரத்தில் வைத்துப் பேசினார். இல்லம் புகும் முதியோர் இழந்து வருவது இப்பழைமையையே. வேலிக்கு அப்பால் நின்று பெயர்சொல்லி அழைத்த அயலவரும், உடன் படித்தோரும், உடன் உழுதோரும் ஊரிலேயே நின்றுவிடுகின்றனர். எழுபத்தைந்தாம் வயதில், அடுத்த கட்டிலில் இருப்பவரோடு புதிதாக நட்புக் கொள்ளல் எளிதன்று. நட்பினை எவரும் எவருக்கும் ஈதல் இயலாது. ஒரு தொழிலில் ஒருங்குபட்டாரிடையே அது தானே விளைவது. முதிய உடலுக்கு இயைந்த அத்தகைய தொழில்களுள் தலையாயது சேர்ந்து பாடுதல் என்பது என் துணிபு.

ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நோர்தாம்ரன் நகரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்குள்ள முதியோர் குடியிருப்பொன்றில், பொப் சில்மன் என்பவர் 1982இல் தொடக்கிய 'யங் அற் ஹார்ட்' என்னும் பாடற்குழு, பின்னர் ஐரோப்பிய மேடைகளிலும் பாடியது. இளைஞர் விரும்பும் றொக் பாடல்களையும் அவர்கள் பயின்றனர். 2007இல் வெளிவந்த ஆவணப்படம் அப்பயிற்சியைக் காட்டுகின்றது. சொல் மறக்கின்றது, தாளம் தவறுகின்றது, மீளவும் தொடங்குகின்றனர். சிறைச்சாலையொன்றிற் பாடச் செல்லும் வேளையில், உடன்பாடும் ஒருவர் இறந்த செய்தி எட்டுகின்றது. அவர்கள் திரும்பிச் செல்லவில்லை, பாடினர், கேட்ட கைதியருட் சிலர் கண்கலங்கினர். பின்னர், இறந்தவரோடு இருவராய்ப் பாடவேண்டியிருந்த பாடலை, மற்றவர் ஒட்சிசன் துணையோடு அமர்ந்திருந்து தனியே பாடினார். ஒருவரின் குரல் இல்லாமற் போனதை மற்றவர் உணரும்வண்ணம் கூடி வாழ்வதன்றோ நட்பு?

மருத்துவ ஆய்வும் இதற்கு மாறன்று. வாஷிங்டனிற் பாடற்குழுவிற் சேர்ந்த முதியோரை ஆராய்ந்த ஜீன் கோஹன் குழுவினர், சேராதாரினும் இவர்களுக்கு வீழ்தலும் தனிமையுணர்வும் குறைவென 2006இல் வெளியிட்டனர்.

எம்மவர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதும் மிகுதியன்று. மார்கழி விடியலிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி ஊர்சுற்றிய சிறுவர், இன்று அவ்வில்லங்களில் முதியோராய் இருக்கின்றனர். அரிவி வெட்டிப் பாடினோரும், தேவாலயப் பாடகர் குழாத்தில் நின்றோரும், கூத்திற் பிற்பாட்டுப் பாடினோரும் அவர்களோடு உளர்.

ஆதலின், அடுத்தமுறை செல்வோர் ஒரு சுருதிப்பெட்டியும் கொண்டு செல்க. கிழமைக்கு ஒருநாள் பயிற்றச் சங்கீத ஆசிரியர் ஒருவரை ஒழுங்குசெய்க. குரல் நடுங்கும், அதனாற் குறையொன்றுமில்லை. பொங்கலன்று அவர்கள் முற்றத்தில் நின்று பாட, நாம் பாயில் இருந்து கேட்போம். அன்று விருந்தினர் நாமாவோம்.