புதுக்கோட்டை யாருக்குக் கோட்டை?

தேர்தல் வந்தால் டீக்கடையில் இந்தக் கேள்வி எழும். "புதுக்கோட்டை எந்தக் கட்சியின் கோட்டை?"

பதில் ஒரே வரிதான். அது எந்தக் கட்சிக்கும் கோட்டை அல்ல! ஊரின் பெயரில்தான் கோட்டை இருக்கிறது. பழைய தேர்தல் கணக்கைப் புரட்டினால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ராஜா ஊரில் செங்கொடி

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். 1948-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அது இந்தியாவுடன் இணைந்தது. திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1974 ஜனவரி 14-ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று.

முதல் பொதுத் தேர்தல் 1952-ல் முடிந்தது. நாடெங்கும் காங்கிரஸ் கொடி பறந்தது. ஆனால் புதுக்கோட்டை மக்கள் பார்லிமெண்டுக்கு அனுப்பியது வல்லத்தரசுவை. அவர் காங்கிரஸ்காரர் அல்ல. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்காரர்.

1957-ல் காங்கிரஸ் ஜெயித்தது. 1962-ல் கம்யூனிஸ்டு தலைவர் ஆர்.உமாநாத் வென்றார். மன்னர் ஆண்ட மண்ணில் செங்கொடி! 1964-ல் கம்யூனிஸ்டு கட்சி இரண்டாகப் பிரிந்தது. 1967-ல் உமாநாத் மார்க்சிஸ்டு வேட்பாளராக நின்றார். மீண்டும் வென்றார்.

காற்று அடிக்கும் திசை

அதன் பிறகு ஒரு வினோதம். 1967 முதல் 2004 வரை 11 பார்லிமெண்டுத் தேர்தல்கள் நடந்தன. தமிழ்நாட்டில் எந்தக் கூட்டணி அதிக இடம் பிடித்ததோ, அதே கூட்டணிதான் 11 முறையும் புதுக்கோட்டையில் ஜெயித்தது.

1971-ல் தி.மு.க., 1977-ல் அ.தி.மு.க., 1980 முதல் 1991 வரை நான்கு முறை காங்கிரஸ், 1996-ல் தி.மு.க., 1998-ல் அ.தி.மு.க., 1999-ல் திருநாவுக்கரசரின் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க., 2004-ல் மறுபடி தி.மு.க.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு மாநிலம் உண்டு. அதன் பெயர் ஒகையோ. 1964 முதல் 2016 வரை அங்கே ஜெயித்தவர்தான் ஜனாதிபதி ஆனார். 2020-ல் அந்தக் கணக்கு பொய்த்தது.

காரணம் என்ன?

கூட்டணிதான் காரணம். தனித்து நின்று ஜெயிக்கும் அளவுக்கு இங்கே எந்தக் கட்சிக்கும் ஓட்டு இல்லை. இரண்டு மூன்று கட்சிகளின் ஓட்டு ஒன்று சேர்ந்தால் தராசு சாய்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். 2011 சட்டசபைத் தேர்தலில் புதுக்கோட்டை நகரத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்டு வேட்பாளர் முத்துக்குமரன் வென்றார். மறு ஆண்டு அவர் விபத்தில் இறந்தார். 2012 இடைத்தேர்தலில் வென்றவர் அ.தி.மு.க.வின் கார்த்திக் தொண்டைமான். இவர் அரச குடும்பத்தவர்! நேற்று கம்யூனிஸ்டு, இன்று ராஜ குடும்பம். மக்கள் மனம் ஓராண்டில் தலைகீழாக மாறிவிட்டதா? இல்லை. 2011-ல் அந்தக் கம்யூனிஸ்டு நின்றதும் அ.தி.மு.க. கூட்டணியில்தான்!

ஆளுக்கு விழும் ஓட்டும் உண்டு. அறந்தாங்கியில் திருநாவுக்கரசர் 1977 முதல் 1996 வரை தொடர்ந்து 6 முறை சட்டசபைக்கு வென்றார். இடையில் கட்சி மாறியது. அறந்தாங்கி அவரை மாற்றவில்லை.

நாலு துண்டு

இவ்வளவு பேர் பெற்ற புதுக்கோட்டை பார்லிமெண்டுத் தொகுதி இன்று இல்லை. தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது அது எடுக்கப்பட்டது. 2009 தேர்தல் முதல் மாவட்டம் நாலு துண்டாக ஓட்டுப் போடுகிறது. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியோடு. விராலிமலை கரூரோடு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு. அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு.

2024-ல் இந்த நாலு தொகுதியிலும் தி.மு.க. கூட்டணியே ஜெயித்தது. ஆனால் திருச்சியில் தீப்பெட்டி, கரூரிலும் சிவகங்கையிலும் கை, ராமநாதபுரத்தில் ஏணி. ஒரே மாவட்டம், மூன்று சின்னம்!

சட்டசபையில் மாவட்டத்துக்கு 6 இடம். 2011-ல் ஆறும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. 2016-ல் சரிபாதி. 2021-ல் தி.மு.க. கூட்டணிக்கு 5, விராலிமலை மட்டும் அ.தி.மு.க.வுக்கு.

யாரிடம் கேட்பது?

இதில் மக்களுக்கு என்ன நஷ்டம்? புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. ஏரி, கண்மாய் நிறைந்தால்தான் அடுப்பு எரியும். காவிரித் தண்ணீரைக் குண்டாறு வரை கொண்டுபோகும் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் இந்த மாவட்டத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீருக்கு, ரெயிலுக்கு, தொழிற்சாலைக்கு டெல்லியில் வாதாட வேண்டும். நாலு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். ஆனால் நால்வருக்கும் புதுக்கோட்டை தொகுதியின் ஒரு மூலை. ஊருக்கு நாலு பிள்ளை; கஞ்சி ஊற்ற யார் முறை என்று தெரியவில்லை!

தொகுதிகளைப் பிரிக்கும் வேலை மறுபடி ஒரு நாள் வரும். கட்சிக்காரர்கள் தங்கள் கணக்கைப் போடுவார்கள். புதுக்கோட்டை மக்களும் தங்கள் கணக்கை எடுத்து வைக்க வேண்டும். மாறி மாறி ஓட்டுப் போட்டாலும் இத்தனை காலம் தங்களுக்கென்று ஒரு குரலை வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்தக் குரலைத் திரும்பக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.