சேதம் என்று யார் சொன்னது?

1882ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வெண்கலப் பென்னி ஒன்று கையில் சிக்கினால், சேகரிப்பாளர் முதலில் ஆண்டெண்ணுக்குக் கீழேதான் பார்ப்பார். அங்கே பொடியாக 'எச்' என்ற எழுத்து இருந்தால் காசைக் கீழே வைத்துவிடுவார். பர்மிங்காமின் ஹீட்டன் ஆலை அடித்தது அது, நிறையக் கிடைக்கும். அந்த எழுத்து இல்லையென்றால் அவருக்குக் கை நடுங்கும். அந்த ஆண்டு லண்டன் அரச நாணயச்சாலையில் புது இயந்திரங்கள் பூட்டிக்கொண்டிருந்ததால் பென்னி அடிக்கும் வேலை ஹீட்டனுக்குப் போயிருந்தது. எச் இல்லாத 1882 பென்னி ஆகவே அரிதிலும் அரிது. எச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுரண்டலைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கும் 1882 முக்கியமான ஆண்டுதான், வேறொரு காரணத்துக்காக. அந்த ஆகஸ்டில்தான் இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நிறைவேறியது. 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1870இல் வந்த சட்டம்தான், ஒரு மனைவி உழைத்து வாங்கிய கூலி அவளுடையது என்பதையே ஒப்புக்கொண்டது. வெண்கலப் பென்னி பிறந்தது 1860இல். ஆக, அதன் முதல் பத்தாண்டில் ஊரார் துணியைத் துவைத்து ஒருத்தி கூலி வாங்கியிருந்தால், அவள் கையில் விழுந்த காசின் ஒரு பக்கம் விக்டோரியா அரசி, மறுபக்கம் சூலமும் கேடயமும் ஏந்திய பிரிட்டானியா. இரு பக்கமும் பெண். காசு மட்டும் புருஷனுடையது.

நான் புரட்டிய பென்னிப் பட்டியல்கள் எதிலும் இது இல்லை. கேட்டால், அது நாணயவியல் அல்ல, வரலாறு என்பார்கள்.

நான் இந்தப் பொழுதுபோக்கைக் கேலி செய்ய வரவில்லை. தமிழில் முனைவர் பட்டத்துக்காகச் சில ஆண்டுகள் பாடபேதங்களுக்குள் கிடந்தவள் நான். ஓர் எழுத்து மாறினால் பொருள் எப்படிப் புரளும் என்பதும், ஏட்டை எழுதியவர் கை எங்கே களைத்தது என்பதும் தெரிந்துகொள்ளும் இன்பம் எனக்குப் பழக்கம். பென்னி சேகரிப்பவர்கள் 'வெரைட்டி' என்று சொல்வது பாடபேதம்தான். 1860ஆம் ஆண்டுக் காசில் விளிம்போரம் முத்துமுத்தாகப் புள்ளிகள் இருந்தால் ஒரு வகை, பல்வரிசை போல இருந்தால் இன்னொரு வகை. முகப்புக்கு ஒரு வகையும் பின்பக்கத்துக்கு மற்றதுமாகக் கலந்து விழுந்தவை மிக அரியவை. அச்சு உடைந்து 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து 'எஃப்' போல ஆகிவிட்ட காசு உண்டு. 1895இல் சூலத்தின் முனைக்கும் 'பென்னி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் சாதாரணம், 2 மில்லிமீட்டர் என்றால் கொண்டாட்டம். 1902இல் பிரிட்டானியாவுக்குப் பின்னால் உள்ள கடல்மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அதற்கு 'லோ டைடு' என்று பெயர். கடல் வற்றிய பென்னி! எனக்குப் பிடித்த பெயர் அது. பெக் என்பவரும் பிறகு ஃப்ரீமன் என்பவரும் இவற்றையெல்லாம் எண்ணிட்டு நூலாக்கினார்கள். ஃப்ரீமன் முகப்பு அச்சுக்கு ஓர் எண்ணும் பின்பக்க அச்சுக்கு ஓர் எழுத்தும் கொடுத்தார். பதிப்பாசிரியர் வேலைதான் அது. மரியாதைக்குரியது.

என் பெரியம்மா 1960களில் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தார். 1971இல் அங்கே தசம நாணய முறை வந்து பழைய பென்னி செல்லாமல் போனது. அவர் ஊர் திரும்பியபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பென்னிகள் கூடவே வந்தன. விக்டோரியா காலத்துக் காசுகள் அதுவரைக்கும் அங்கே கடைகளில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. பெரும்பாலானவற்றில் அரசியின் மூக்குகூடத் தெரியாது, அவ்வளவு தேய்மானம். ஒரு நாணயக் கண்காட்சியில் அவற்றைக் காட்டி விவரம் கேட்டேன். கடைக்காரர், "உங்க ஹஸ்பெண்ட் கலெக்ட் பண்றாரா மேடம்?" என்றார். பிறகு டப்பாவைக் கிளறிவிட்டு, "எல்லாம் தேஞ்சது, வேல்யூ இல்ல" என்றார்.

என் சண்டை இந்த 'வேல்யூ' என்ற சொல்லோடுதான்.

முதலில் பெயர்களைப் பாருங்கள். லியனார்ட் சார்லஸ் வையன் செதுக்கிய விக்டோரியாவின் இளமுகத்துக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'பன் ஹெட்', அதாவது கொண்டைத் தலை. 1895இல் தாமஸ் பிராக் செய்த முக்காடிட்ட முகத்துக்குப் பெயர் 'ஓல்டு ஹெட்', கிழத் தலை. அவருடைய மகன் ஏழாம் எட்வர்டு 59 வயதில் பட்டத்துக்கு வந்தார். வழுக்கையும் தாடியுமாகத்தான் காசில் இருக்கிறார். அவரை யாரும் கிழத் தலை என்பதில்லை. ஐந்தாம் ஜார்ஜின் காசுகளில் 'சிறிய தலை' என்று ஒரு வகை உண்டு. அது அளவு, வயது அல்ல. அரசிக்கு மட்டும்தான் கூந்தலும் கிழமும் அடையாளம்.

அந்தக் கொண்டையே ஒரு பொய். விக்டோரியா 1861 டிசம்பரில் விதவையானார். அதன்பின் சாகும்வரை கறுப்பு உடைதான். ஆனால் 1894 வரை, 75 வயதுப் பாட்டியான பிறகும், பென்னியில் அவர் சின்னச் சின்ன மாற்றங்களோடு அதே கொண்டைக்காரிதான். நாட்டை ஆளுகிற பெண்ணுக்குக்கூடத் தன் வயதில் காசில் இருக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அடுத்து தேய்மானம். பளபளக்கும் காசுக்கு விலை, தேய்ந்ததற்கு இல்லை. பளபளப்பது யாரும் தொடாமல் கிடந்தது. தேய்ந்தது கைகளில் புழங்கியது. எந்தக் கைகள்? 1888ஐ எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அது ஒரு சாதாரண ஆண்டு. அந்த ஜூனில் அன்னி பெசன்ட் லண்டன் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்களைப் பற்றி எழுதினார். நம் அடையாற்றில் பிற்காலத்தில் வாழ்ந்து, 1933இல் இறந்த அதே பெசன்ட்தான். (1933 பென்னி உலகப் புகழ் பெற்றது. அந்த ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அடித்தார்கள்.) அவர் எழுதியபடி பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரக் கூலி 4 ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் அபராதம் 3 பென்னி. ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள், வென்றார்கள்.

4 ஷில்லிங் என்றால் 48 பென்னி. வெண்கலப் பென்னியின் எடை 9.45 கிராம், 48 சேர்ந்தால் சரியாக ஒரு பவுண்டு நிறை. நான் டப்பாவிலிருந்து 48 காசை எண்ணிச் சமையலறைத் தராசில் வைத்தேன். தேய்மானம் போக 450 கிராம்கூட இல்லை. ஒரு பெண்ணின் ஆறு நாள் உழைப்பு அரைக் கிலோ தக்காளியைவிட லேசாக இருந்தது.

லண்டனில் ஆண்கள் நின்று சிறுநீர் கழிக்கும் இடம் இலவசம், பெண்ணுக்குக் கதவு திறக்க ஒரு பென்னி. பெர்னார்ட் ஷா அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அந்தப் பென்னிகளும் தேய்ந்தவைதான்.

இதற்கெல்லாம் நாணயவியலில் இடமில்லை என்றால் போகட்டும். காசின் மேலேயே தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1903ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று இருக்கிறது. 2010இல் நூறு பொருள்களில் உலக வரலாறு சொன்ன வானொலித் தொடரில் அது 95ஆவது பொருள். எட்வர்டு மன்னரின் முகத்தின் குறுக்கே 'பெண்களுக்கு ஓட்டு' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. பதின்மூன்று எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனி உளி வைத்துச் சுத்தியலால் அடித்தவை. வரி கோணல். முதல் உலகப் போருக்குச் சற்று முன் இப்படிப் பல பென்னிகள் புழக்கத்தில் விடப்பட்டன. நாணயத்தில் சொற்களைப் பொறிப்பது 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். பியர்ஸ் சோப் கம்பெனிகூடத் தன் பெயரைக் காசில் அடித்து விளம்பரம் செய்ய ஆசைப்பட்டபோது பிரெஞ்சுக் காசை இறக்குமதி செய்துதான் அடித்தது. இந்தப் பெண்கள் அரசன் முகத்திலேயே அடித்தார்கள். வெள்ளிக் காசை வங்கி திரும்ப வாங்கிவிடும், மலிவான பென்னியை யார் தேடிப் பிடிக்கப்போகிறார்கள்? அது மீன்கடைக்கும் மதுக்கடைக்கும் போய்க்கொண்டே இருக்கும். அகலமும் தாராளம், 3 சென்டிமீட்டருக்கு மேல்.

வகைகளைப் பட்டியலிடும் மரபில் இதற்குப் பெயர் 'டேமேஜ்'. நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு ஏற்பட்ட சேதம். நாணயச்சாலைக்குள் அச்சு உடைந்து எழுத்து மாறினால் அது வெரைட்டி, அதற்கு எண் உண்டு, அபூர்வத்துக்கு மதிப்பெண் உண்டு. வெளியே ஒருத்தி சிறைக்குத் துணிந்து எழுத்தை அடித்தால் சேதம். இயந்திரம் தவறுவது அறிவுத்துறை, பெண் வேண்டுமென்றே செய்வது கிறுக்கல்!

இதற்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வெளியே அடித்ததை யார் வேண்டுமானாலும் இன்றைக்கும் அடிக்கலாம், போலி பெருகும் என்பார்கள். உண்மைதான், ஓட்டுரிமைப் பென்னிகளிலும் போலிகள் வந்துவிட்டன. ஆனால் 1882இல் எச்சைச் சுரண்டிய போலிகளும் இருக்கின்றனவே? அதற்காக எச் இல்லாத பென்னியைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டீர்களா? லென்ஸை எடுத்துக்கொண்டு உண்மையையும் போலியையும் பிரிக்கக் கற்றீர்கள். உளி எழுத்தின் வடிவம், அடியின் ஆழம், பள்ளத்துக்குள் படிந்த பழுப்பு ஆகியவற்றை வைத்து இதையும் பிரிக்கலாம். சிலர் பிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். போலிக்குப் பயந்து விட்டது இல்லை இது. அந்தக் கையை நாணயவியலுக்கு வெளியே வைத்துப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மாணவிகள் என்னிடம், இந்த ஆம்பளைங்க பொழுதுபோக்கில் நமக்கு என்ன வேலை மேடம் என்று கேட்கிறார்கள். அந்த லென்ஸ் நமக்கு வேண்டும். 1 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் பார்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையோடு நான் ஒரு பதிவை எழுதி வைத்திருக்கிறேன். பட்டியல் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

1903. வெண்கலம். முகப்பு: ஏழாம் எட்வர்டு, வலப்பக்கம் பார்த்தபடி. முகத்தின் மேல் மூன்று சொல், பதின்மூன்று அடி, கையால். பின்பக்கம்: பிரிட்டானியா, அமர்ந்த நிலை, சேதமில்லை. அடித்தவர் பெயர் பதிவாகவில்லை. வெரைட்டி.