எழுத்தாளனின் நியமம்

எந்த ஸ்தாபனத்திலும் மாதச் சம்பளம் பெறாமல், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும், பிறமொழி நூல்களைத் தமிழாக்கியும், தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் அமைத்தும் ஜீவனம் நடத்திக்கொண்டு, இவற்றுக்கு நடுவே தமக்கென்று ஒரு நாவலையோ சரித்திர நூலையோ எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அபிலாஷையோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களோடு மனம்விட்டுப் பேசினால் ஒரே விதமான முறையீட்டைக் கேட்கலாம். ஆபீசுக்குப் போய்வந்த காலத்தில் இரவில் கண்விழித்து எழுதிய அளவுகூட, நாள் முழுவதும் தம் வசமாகிவிட்ட இப்போது எழுத முடியவில்லை என்பார்கள். ஆற்றல் குன்றிவிட்டதோ, கற்பனை வற்றிவிட்டதோ என்று தம்மையே சந்தேகிக்கவும் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம் அநாவசியம். யஜமானன் ஒருவன் செய்ய வேண்டிய காரியங்களைச் செய்ய அவர்கள் வீட்டில் யாரும் இல்லை என்பதே குறை என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

மேலதிகாரி என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். அவருடைய அதட்டலும் மேற்பார்வையும் ஒருபுறம் இருக்கட்டும். இன்று எந்த வேலை, எத்தனை மணிக்குத் தொடங்குவது, எவ்வளவு முடிந்தால் போதும் என்ற மூன்று தீர்மானங்களையும் அவர் முன்கூட்டியே செய்துவைத்துவிடுவதால், வேலைக்கு வருகிறவன் தன் மனச்சக்தி முழுவதையும் வேலையிலேயே செலவிட முடிகிறது. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று விடை கொடுப்பவரும் அவரே. சுயமாகத் தொழில் நடத்தப் புறப்படும் எழுத்தாளன், அதட்டலிலிருந்து விடுபட்ட உற்சாகத்தில், இந்த நான்கு உபகாரங்களையும் சேர்த்தே இழந்துவிடுகிறான். காலையில் மேஜைக்கு முன் அமர்ந்ததும், நாவலைத் தொடர்வதா, பாக்கி நிற்கும் மொழிபெயர்ப்பை முடிப்பதா, பத்திரிகை ஆசிரியருக்குப் பதில் எழுதுவதா என்ற விசாரத்திலேயே அவனுடைய தெளிவான பொழுது கழிகிறது. விசாரம் அலுத்துப்போனதும் கை தானாகவே கைப்பேசியை நாடுகிறது. மத்தியானம் சோர்வு வருகிறது. இரவில் மனச்சாட்சி உறுத்துகிறது. வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் கிடைக்கவில்லை. தீர்மானிக்கிற வேளையையும் எழுதுகிற வேளையையும் தனித்தனியாகப் பிரித்தாலொழிய இந்த அவஸ்தைக்குப் பரிகாரம் கிடையாது. மாலையில் யஜமானனாக இருந்து மறுநாள் வேலையை நிர்ணயிக்கிறவன், காலையில் அந்த நிர்ணயத்தை மறுவிசாரணைக்கு எடுக்காத விசுவாசமுள்ள ஊழியனாக உட்கார வேண்டும்.

இவ்விரு பாத்திரங்களையும் ஒருவரே பூரணமாக ஏற்று வாழ்ந்ததற்கு உதாரணம் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப். 1815-ல் பிறந்து 1882-ல் மறைந்த அவர், தபால் இலாகாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்துகொண்டே எழுதினார். 1867-ல் உத்தியோகத்தை விட்ட பின்பும் அந்த நியமத்தை விடவில்லை. மொத்தம் 47 நாவல்களைத் தந்தார். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு முன் இருக்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக வயோதிகக் குதிரைக்காரர் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் தனியாகக் கொடுத்துவந்ததையும், தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த ஊழியருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகத் தாம் எண்ணுவதையும் சுயசரிதையில் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதை வாசித்துச் செவிக்கு இசையாததைத் திருத்துவார்; பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தைகள் வீதம் எழுதுவார்; எட்டரை மணிக்கு அன்றைய எழுத்து முடிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஒழுங்காக எழுதினால், ஒரு மனிதன் எழுத வேண்டிய அளவு முழுவதையும் எழுதிவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம்.

அவருடைய நியமத்தில் என்னை மிகவும் கவர்வது அந்த வைகறை நேரமன்று, அவர் வைத்திருந்த கணக்கு. ஒவ்வொரு நூலையும் தொடங்கும்போது வாரவாரியாகப் பிரித்த ஒரு டயரியைத் தயாரித்து, பக்கத்துக்கு 250 வார்த்தைகள் என்று அளவு வகுத்து, அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் குறித்துவந்தார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கங்கள் என்பது அவர் கணக்கு. காரியபாரத்துக்குத் தக்கபடி அது 20-க்கு இறங்கியதும் உண்டு, 112-க்கு ஏறியதும் உண்டு. வேலையில்லாமல் கழிந்த நாள் அந்த டயரியில் வெறுமையாக நின்று அவரைக் கண்டித்தது. இப்படிக் கணக்கெழுதுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்கில்லாத எழுத்தாளன் தன் சோம்பலை உள்ளதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ நினைத்துக்கொண்டு, ஒரு நாள் தன்னைத் தூஷித்தும் மறுநாள் மன்னித்தும் காலம் கழிக்கிறான். கணக்குள்ளவனோ இத்தனை பக்கம் குறைகிறது என்று அறிந்து, அதை வரும் வாரத்தில் ஈடுசெய்கிறான். 1858-ல் தபால் காரியமாக எகிப்துக்குப் போயிருந்தபோது ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கிவிட அவரால் முடிந்ததற்கும் இந்த டயரியே ஆதாரம்.

அவர் காலமான பின் 1883-ல் சுயசரிதை வெளிவந்தபோது இலக்கிய அபிமானிகள் பலர் முகம் சுளித்தார்கள்; கடிகாரத்தைப் பார்த்து எழுதினவரைக் கலைஞர் என்று ஒப்ப அவர்களுக்கு மனமில்லாததால், அவருடைய கீர்த்தி வெகுகாலம் மங்கியிருந்தது. ஆயினும் பார்செட்ஷயர் நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன, வாசிக்கவும்படுகின்றன. உத்வேகம் வந்தால்தான் எழுதுவேன் என்கிற நம்மவர்களுக்கும் இதுவே பதில். உத்வேகம் மெய்யானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முறைத் தண்ணீர் வரும் வேளையில் மடையண்டை மண்வெட்டியோடு நிற்கிற குடியானவனுக்குத்தான் வயல் நனையுமேயன்றி, வரப்பில் உறங்குகிறவனுக்கு அல்ல.

தமிழில் இதற்கு நிதரிசனமாக விளங்கியவர் கல்கி. 1941-ல் தமது பத்திரிகையைத் தொடங்கிய அவர், தலையங்கமும் விமரிசனமும் எழுதும் ஆசிரியப் பொறுப்போடு, ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்று வாரந்தோறும் தொடர்கதைகளையும் நடத்தினார். 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரையில் ஐந்து பாகங்களாக வளர்ந்தது. அச்சுக்கூடம் காத்திருக்கிறது, அதற்கப்பால் வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்ற நிர்ப்பந்தம் அவருடைய கற்பனையை நசுக்கிவிடவில்லை, வளர்க்கவே செய்தது. வாராவாரம் காத்திருக்கும் அச்சுக்கூடம் இல்லாத எழுத்தாளன் அதற்கு ஈடான ஒன்றைத் தானே படைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் அத்தியாயத்தை எதிர்பார்க்கிற ஒரே ஒரு சிநேகிதர் வாய்த்தாலும் போதும்.

அளவைப் பெரிதாக வைப்பது ஆரம்பத்திலேயே தோல்விக்கு வித்திடுவதாகும். நாளொன்றுக்கு 300 சொற்கள் வீதம் வாரத்துக்கு ஆறு நாள் எழுதினால், ஒரு வருஷத்தில் அது 90,000 சொற்களைத் தாண்டிவிடும். ஒரு நல்ல நாவலுக்கு அது தாராளமாகப் போதும். எழுதுகிற வேளையில் திருத்த உட்காராமலும், திருத்துகிற வேளையில் புதிதாக எழுத முனையாமலும் இருக்க வேண்டும். படைக்கிற மனமும் பரிசோதிக்கிற மனமும் ஒரே நாற்காலியில் அமர முயன்றால் இரண்டுக்குமே இடமில்லாமல் போகும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவது ஹெமிங்வேயின் வழக்கம். மறுநாள் தொடங்குவதற்குத் தயக்கமே ஏற்படாமல் செய்வதில் இதற்கு நிகரான உபாயம் வேறில்லை.

சுயமாகத் தொழில் செய்கிறவனுக்குள்ள விசேஷமான சங்கடம், வயிற்றுக்கான எழுத்தும் மனத்துக்கான எழுத்தும் ஒரே பேனாவிலிருந்து வர வேண்டியிருப்பது. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ உத்தியோகத்தை விட்டு எழுத்தையே நம்பினார்; தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகள் எழுதினார், ‘கணையாழி’யின் ஆசிரியப் பணியைச் சுமந்தார், ஆனால் அந்தச் சுமைகளின் கீழ் தம் சிறுகதைகளையும் நாவல்களையும் நசுங்கவிடவில்லை. இந்த இரண்டு வகை எழுத்தில் எதற்கு முதல் வேளை என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: தனக்கான எழுத்துக்கே முதல் வேளை. கூலிக்கு ஒப்புக்கொண்ட வேலைக்குத் தவணை உண்டு, கேட்க ஆளும் உண்டு. களைத்திருந்தாலும் மாலைக்குள் அதை முடித்தே தீருவோம். சொந்த நாவலுக்குத் தவணை வைப்பார் எவருமில்லாததால், பிற்பகலுக்கு ஒத்திவைக்கப்பட்ட நாவல் வருஷக்கணக்கில் பிற்பகலிலேயே நின்றுவிடுகிறது.

எழுதிய பக்கங்கள் மட்டுமே வேலையாகா என்பதையும் யஜமானன் அறிந்திருக்க வேண்டும். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியின் படகர் வாழ்க்கையைக் ‘குறிஞ்சித் தேன்’ ஆக்குவதற்கும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் படும் பாட்டைக் ‘கரிப்பு மணிகள்’ ஆக்குவதற்கும் அந்த ஜனங்களிடையே நேரில் சென்று பழகினார். அப்படிச் செலவான நாட்களைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்? வாசிப்பும் விசாரிப்பும் பிரயாணமும் டயரியில் தமக்கென்று ஒரு பத்தியைப் பெற வேண்டும். அப்படி எழுதிவைத்தால், படிக்கிறேன் என்ற பெயரில் எழுத்தைத் தள்ளிப்போடுகிற தந்திரமும் அதே பத்தியில் அம்பலமாகும்.

இவ்வளவையும் எழுத்தாளன் மேலேயே சுமத்துவது நியாயமாகாது. சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், ஆண்டு முழுவதும் நிதானமாக வந்திருக்க வேண்டிய நூல்கள் மார்கழியில் அவசரமாகப் பூர்த்தியாகிப் பிழைகளோடு அச்சேறுகின்றன. பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதிக்கு ஆவணியிலேயே தவணை வைத்தால் நூலுக்கும் நல்லது, எழுதியவனுக்கும் நல்லது. விற்பனையில் பத்து சதவீதம் என்று பரவலாக வழங்கும் சன்மானம் சொற்பமே. அதையும் கேட்டுக் கேட்டு வாங்க நேர்ந்தால், கேட்பதில் செலவாகும் காலை வேளைகளை யார் திருப்பித் தருவார்கள்? வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் இருப்பதாலேயே சும்மா இருப்பதாக எண்ணி, கியாஸ் சிலிண்டருக்கும் விருந்தாளிக்கும் எழுத்தாளரையே எழுப்புகிற பழக்கம் மாற வேண்டும். எழுதுகிறவர் பெண்ணாக இருந்தால் இந்த இடையூறு பன்மடங்காகிறது என்பதையும், அவளுடைய இரண்டு மணி நேரத்தைக் காப்பது குடும்பம் முழுவதற்கும் உரிய தர்மம் என்பதையும் நாம் உணர வேண்டும்.

மாலையில் விடை கொடுப்பது யஜமானனின் நான்காவது கடமை. அதை மறந்தால் முதல் மூன்றும் கொடுமையாக முடியும். குறித்த அளவு முடிந்ததும் எழுந்துவிட உரிமையுள்ளவனே மறுநாள் விருப்பத்தோடு உட்காருவான். இரவு பகலாக மேஜையில் கிடப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் சில மாதங்களில் எழுத்தையே வெறுத்துப்போகிறார்கள். எவருக்கும் கைகட்டி நிற்காத எழுத்து நம் சமூகத்துக்கு அத்தியாவசியமானது. அத்தகைய எழுத்தைத் தரக்கூடியவர்கள் ஒழுங்கின்மையால் தளர்ந்து, மறுபடியும் பிறர் வாசலுக்குத் திரும்புவது அவர்களுக்கு மட்டும் நேரும் நஷ்டமன்று. ஆகையால், சுயேச்சையாக எழுதப் புறப்பட்டவர்கள், தங்கள் சுதந்திரத்தின்மீது உண்மையான பற்று இருந்தால், நாளை எழுதப்போவது எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை இன்று மாலையே ஒரு தாளில் எழுதிவைக்கட்டும்.