வாய் திறக்கும் முன்

பண்டைய எபிரேயரின் வழிபாட்டில் வாய்ச்சொல் கடன்பத்திரத்துக்குச் சமம். பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்யாமல் இருப்பது பாவமல்ல. செய்துவிட்டுத் தாமதிப்பதே பாவம் என்கிறது வேதாகமத்தின் உபாகமம் நூல். தேவாலயத்துக்குப் போகிறவன் சொற்களைச் சுருக்க வேண்டும் என்று பிரசங்கி எச்சரிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். லேவியராகமம் பலிமுறைகளை நுணுக்கமாக விவரிக்கிறது. ஆனால் பலியிடும் ஆசாரியன் சொல்ல வேண்டிய வாசகம் என்று அநேகமாக எதையும் தருவதில்லை. அதே நூலின் 27ஆம் அதிகாரம் ஆளையே நேர்ந்துகொண்டால் செலுத்த வேண்டிய தொகையை விதிக்கிறது: 20 முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல், பெண்ணுக்கு 30. ஏழைக்கு மட்டும் அவன் சக்திக்கேற்ப ஆசாரியன் குறைத்து மதிப்பிடுவான்.

மௌனத்துக்குச் சட்ட வலிமையும் இருந்தது. எண்ணாகமம் 30இன்படி, மனைவியின் பொருத்தனையைக் கேட்ட கணவன் அன்றே மறுக்காவிட்டால் அது உறுதியாகிவிடும். பெண்ணின் சொல்லை ஆணின் வாய்க்குள் பூட்டிவைத்த இந்த ஏற்பாடு நியாயமானதல்ல. சீலோ ஆலயத்தில் பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, அவள் குடித்திருப்பதாக நினைத்தார் ஆசாரியர் ஏலி. சத்தமில்லாத ஜெபம் அவருக்கே பழக்கமில்லை போலும். பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பதாகச் சொன்ன அவள், பால்மறந்த மகன் சாமுவேலைக் கொண்டுவந்து விட்டாள். இஸ்ரவேலின் தலைவன் யெப்தாவோ யோசியாமல் நேர்ந்து மகளை இழந்தான். பிற்காலத்தில், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, பொருத்தனைகளுக்கென்றே ‘நெதாரிம்’ என்ற தனிப்பகுதியை ஒதுக்கியது. அவசரத்தில் நேர்ந்தவரை அறிஞர் விசாரித்து விடுவிக்கும் வழியும் அதில் உண்டு.