ராமநாதபுரம் எரிவாயு: உரமாக்குவதா, பூமியிலேயே விட்டுவைப்பதா?

யூரியா மூட்டையைப் பார்க்கும்போது யாருக்கும் கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வராது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 கிலோ மூட்டை ஒன்றைத் தயாரிக்கச் செலவாகும் ஆற்றல், வீட்டில் எரியும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரைக்கும் மேல்.

ஏன் இவ்வளவு? யூரியா ஆலைக்கு எரிவாயு வெறும் எரிபொருள் இல்லை, மூலப்பொருளே அதுதான். அதிலுள்ள மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அதோடு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் யூரியா.

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை பல்லாண்டுகளாக நாப்தாவில்தான் ஓடியது. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம் – தூத்துக்குடி 143 கி.மீ. குழாய் திறக்கப்பட்டது. ராமநாதபுரத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயு தூத்துக்குடி வர வழி கிடைத்தது. ஸ்பிக்கும் எரிவாயுவுக்கு மாறியது. அதே மாவட்டத்தில் புதிய சோதனைக் கிணறுகள் தோண்டும் திட்டம் 2025-ல் வந்தபோது விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். ‘இருக்கிற வாயுவையாவது சேமிக்கலாமே’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஏற்கெனவே எடுக்கும் வாயு உரத்துக்குப் போவதில் தவறில்லை என்பதே நம் கருத்து. அதை நிறுத்தினால் யூரியா தேவை குறையப்போவதில்லை, இறக்குமதி எல்.என்.ஜி. கப்பல்தான் கூடுதலாக வரும். நாட்டின் யூரியா ஆலைகள் பெரும்பாலும் இப்போதே அதை நம்பித்தான் ஓடுகின்றன. உக்ரைன் போரால் விலை எகிறிய 2022-23-ல் உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. உரத்துக்கு? பசுமை அம்மோனியா இன்னும் விலை அதிகம்.

அப்போ சேமிப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஓட்டை கிணற்றில் இல்லை, வயலில் இருக்கிறது. வயலில் போடும் யூரியாவின் நைட்ரஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குள் போகிறது. மிச்சம் காற்றிலும் நிலத்தடி நீரிலும் கலக்கிறது. 3 மூட்டை போட்டால் 2 மூட்டை வீண்; அதாவது 3 சிலிண்டர்!

விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வரி, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவு நீங்கலாக ஒரு மூட்டை 242 ரூபாய். டி.ஏ.பி.யும் பொட்டாஷும் பல மடங்கு விலை. கையில் காசு குறைவாக இருப்பவர் எதை அள்ளிப் போடுவார்? 2018-ல் 50 கிலோ மூட்டையை 45 ஆக்கினார்கள், ‘மூட்டைக் கணக்கில்தானே போடுவார்கள், தானாகக் குறையும்’ என்று. தேவை குறையவில்லை.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, தேவைப்படும்போது மட்டும் யூரியா போடலாம். சாதாரண பிளாஸ்டிக் அட்டைதான். புதிய கிணற்றுக்கு அனுமதி கேட்கும் முன், இந்த அட்டை எத்தனை விவசாயிகள் கையில் இருக்கிறது என்று அரசு சொல்லட்டும்.